வெயில் யாருடையது?

யானைக்கவுனிப் பகுதியின் பழைய வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டு செல்பவை. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர். ஆதலால் பகலொளி நுழைய நடுவே திறந்திருந்த முற்றமே பெருவழியாயிருந்தது. குடும்பம் பெருகிற்று, மனையின் விலையும் ஏறிற்று. முற்றத்தின்மேல் தளம் போடப்பட்டது. தளத்தின்மேல் மாடிகள் எழுந்தன. இன்று அத்தகைய வீடுகள் பலவற்றில் நண்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. இது வசதியைப் பற்றியது மட்டுமா, அறத்தையும் பற்றியதா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடல்நலத்தை முதலில் கொள்வோம். காசநோய்க் கிருமி நேர் வெயிலில் மாள்வதை 1890இல் இராபர்ட் கோக் எடுத்துரைத்தார். (கிருமிக்கும் உயிருண்டே என்பார் நம்மிடையே உண்டு, அவ்வாதம் இப்போது வேண்டாம்.) டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோயாளர்க்கு மருத்துவ நிலையம் கண்டபோது, அந்நோய்க்குரிய மருந்து பிறக்கவில்லை, காற்றும் வெளிச்சமுமே சிகிச்சையின் பெரும்பகுதி. காலையொளி கண்ணில் பட்டால் உடலின் உட்கடிகாரம் சீர்ப்படும். இரவில் உறக்கம் வரும். அக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்ட மூவர்க்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மூடிய கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் வைட்டமின் டி தராது. அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இனி, அவ்விருளில் இருப்பவர் யார்? முற்றத்தை மூடலாமென முடிவு செய்பவர் காலையில் கடைக்குச் சென்று விளக்கு வைத்தபின் திரும்புபவர். வீட்டில் எஞ்சுவோர் மருமகளும் கைக்குழந்தையும் படுக்கையிலுள்ள முதியவரும். ஆசிரியப் பயிற்சியில், வகுப்பறைக்கு ஒளி மாணவரின் இடப்புறமிருந்து வரவேண்டும், எழுதும் வலக்கையின் நிழல் ஏட்டில் விழலாகாது என நமக்குக் கற்பித்தனர். இடக்கையால் எழுதும் பிள்ளையை எவரும் நினைக்கவில்லை. வீடு கட்டும்போதும் இதுவே நிகழ்கிறது.

கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் இல்லங்களில் இன்றும் பேணப்படுகிறது. இருளில், உணவில் விழும் சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. பகல் பன்னிரண்டு மணிக்கும் மின்விளக்கின் மங்கலில் அரிசி களையும் சமையலறையில் அந்நோன்பு பஞ்சாங்கப்படி நிறைவேறுகிறது, கண்ணின்படி நிறைவேறுகிறதா? மேலும், ஈரமும் இருளும் சேர்ந்தவிடத்தில் கரப்பான் பெருகும். பெருகியபின் நஞ்சு தெளிக்கிறோம். வெயில் வந்திருந்தால் அக்கொலைகளுள் பல நேர்ந்திரா.

அடுத்த வீட்டாரின் ஒளி இதனினும் சிக்கலானது. பத்திரங்களில் 'ஈஸ்மெண்ட் பாத்தியம்' என எழுதப்படும் உரிமைக்குரிய சட்டம் 1882இல் இயற்றப்பட்டு, தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திற்று. அதன் 15ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் இடையூறின்றி உரிமையாக ஒளி பெற்றிருந்தால் அவ்வுரிமை நிலைபெறும். 20 ஆண்டு நிறையாத சன்னலுக்கு அப்பாதுகாப்பு இல்லை. சட்டம் சன்னலின் வயதைக் கேட்கிறது. சன்னலுக்குப் பின்னிருக்கும் குழந்தையின் வயதைக் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் சுவர் எழுப்புபவரே. மகனுக்கு மணம் முடித்து ஓர் அறை வேண்டுபவரை நாம் குறை கூறோம். வாடகைக்காக நான்காம் மாடி எழுப்புபவரின் கணக்கு வேறு. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தோடு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை அவர்தாம் விளக்க வேண்டும்.

மூடிய முற்றத்தைத் திறப்பது எளிதன்று. மொட்டைமாடி இருக்கிறது; ஆனால் அதன் சாவி பெரும்பாலும் உரிமையாளரிடம். கீழ்த்தளத்துக் குடித்தனக்காரர் அரைமணி நேர வெயிலுக்கு அனுமதி கேட்கவேண்டியுள்ளது. சாவியைக் கொடுத்துவிடலாம். மாடிப்படி ஏறவியலாத மூதாட்டிக்கோ சாவியும் பயன்படாது. அவருக்கு வேண்டியது வாசலில் ஒரு நாற்காலி போடும் இடம். அவ்விடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது.