ஒரு குண்டு, பல சாட்சிகள்

நண்பர்கள் சேர்ந்து பழைய படம் பார்த்துவிட்டு, "அவரவர் பார்வையில் எல்லாமே சரி" என்று எழுந்து போவதைச் சமணரின் அநேகாந்தவாதம் என நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் சோம்பல். ஒவ்வொரு கூற்றும் 'ஒரு வகையில்' உண்மை என்பதுதான் அந்தத் தத்துவம். எந்த வகையில் என்று சொல்லும் பொறுப்பும் கூடவே வருகிறது. இதைப் பேச எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) போதும். பாட்டே இல்லாத படம். தொடக்கத்திலேயே ராஜனாக வரும் சிவாஜி சுடப்பட்டுச் சாய்கிறார். பிறகு விசாரணையில் தம்பி ஒரு ராஜனையும் அண்டை வீட்டுக்காரர் வேறொரு ராஜனையும் காட்டுகிறார்கள். அப்படியானால் கொலையாளியும் பலரா என்று கேட்கலாம். இல்லை, சுட்டது ஒரே கை (யாருடையது என்று சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பார்கள்). ராஜன் எப்படிப்பட்டவன் என்பதற்குத்தான் விடைகள் பல.