அசைந்ததா, அசைத்தாரா?

செயலைக் கொண்டு எண்ணத்தை அளக்கலாமா என்னும் வினா அறநூலார்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவரையும் அது வாட்டுகிறது. அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலும் களவீரரை ஓட்டக்காரர் அறியாது தடுத்தாலும் குற்றமே. எறியப்பட்ட பந்தையோ வேண்டுமென்றே தடுத்தால்தான் குற்றம். முன்னதற்குக் கண் போதும். பின்னதற்கு நெஞ்சையும் படித்தாக வேண்டும்.

1978 அக்டோபர் 14இல் நியூயார்க்கில் உலகத் தொடரின் நான்காம் ஆட்டம். ஆறாம் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 3–1 என முந்தியிருந்தது. யாங்கீஸ் அணியின் பினியெல்லா அடித்த பந்தை நழுவவிட்ட ரஸ்ஸல், அதனை எடுத்து இரண்டாம் தளத்தை மிதித்து, முதல் தளத்துக்கு எறிந்தார். அவ்வாறு ஆட்டமிழந்தும் தளங்களுக்கிடையே நின்றுகொண்டிருந்த ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பட்டுப் பந்து விலகி ஓடியது. மன்சன் ஓட்டம் பெற்றார். டாட்ஜர்ஸ் மேலாளர் லசோர்டா கொதித்தெழுந்தார். குறுக்கீடு இல்லையென்ற தீர்ப்பு மாறவில்லை.

இடுப்பு அசைந்ததைப் படம் காட்டுகிறது. அசைந்தது தன்வினை; அசைத்தார் பிறவினை. தமிழாசிரியர் ஓரெழுத்தில் பிரித்துக் காட்டும் இவ்வேறுபாட்டை எந்தப் படக்கருவி பிரித்துக் காட்டும்?

ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கே என்பது நீதிமன்ற மரபு. அங்கே குற்றஞ்சாட்டும் அரசு வழக்கைத்தான் இழக்கிறது. ஆடுகளத்திலோ ஒருவர்க்குக் காட்டும் கருணை, எதிரே நிற்பவரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆயினும் எண்ணத்தையே குற்றத்தின் உறுப்பாக்கிய விதி, அது தெளிவாகாதபோது தண்டிக்க இடந்தரவில்லை. நடுவரைப் பழிப்போர் உண்மையில் விதியோடுதான் வழக்காட வேண்டும். பத்தாம் சுற்றில் அதே பினியெல்லாவின் அடியால் யாங்கீஸ் 4–3 என வென்றது.