மூன்றாவது சக்கரம்

முழங்கால் முறிந்தபின் இருசக்கர மோட்டார் சைக்கிளைத் துறந்து, ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் டிரை கிளைடு போன்ற முச்சக்கர வண்டிக்கு மாறுகிற அமெரிக்கன், முன்பிருந்த அதே ஓட்டுநன்தானா என்னும் வினா, தேரின் அங்கங்களை ஒவ்வொன்றாக விலக்கித் தேர் எங்கே என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் எழுப்பிய விசாரத்துக்கு நெருங்கிய உறவுடையது. வேகத்தில் வலப்புறம் திரும்ப விரும்பும் இருசக்கர ஓட்டுநன் கைப்பிடியை ஒரு கணம் இடப்புறம் திருப்ப, வண்டியும் தேகமும் ஒருசேர வலப்புறம் சாய்கின்றன. சாயாத முச்சக்கரத்திலோ கைப்பிடியை வேண்டிய திசைக்கே திருப்பவேண்டும், தேகம் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. பொருளைத் துறப்பதினும் எதிர்ப்புறம் திருப்பிச் சாயும் அப்யாசத்தைத் துறப்பதே கடுமையான வைராக்கியம் என்பேன். காலூன்றாமல் நிற்கும் சௌகரியத்தைத் தோல்வியென்று சிலர் நாணுவதோ வெறும் அகங்காரம். 1932-இல் அதே நிறுவனம் வெளியிட்ட சர்வி-கார் என்னும் முச்சக்கர வண்டியில் அமெரிக்கக் காவலர் ரோந்து சென்றபோது, அதைப் பலவீனத்தின் சின்னமென்று யார் கருதினார்?