ஆபத்தைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம்?

அறிவு தனியுடைமையாகலாமா என்பது பழைய வினா. மருந்து, விதை, பாடநூல் ஆகியவற்றை முன்னிட்டு அதனை நாம் பலகாலமாக விவாதித்து வருகிறோம். ஒருவன் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பற்றிய அறிவு வேறொருவனின் அலுமாரியிற் பூட்டப்பட்டிருக்கலாமா என்பது அதனினும் கூர்மையான வினா. அணுசக்தித் துறையில் அது தத்துவ விசாரமாக மட்டும் நில்லாது, ஓர் எண்ணின் வடிவில் வந்து நின்றது. அந்த எண் 15.7.

அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைக் கணித்துக் கூறுவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசனைக் கம்பனிகள் பல நாடுகளில் உள. நிலம் நடுங்கினால் குழாய் தாங்குமா, வெள்ளம் புகுந்தால் மின்பிறப்பாக்கி இயங்குமா, ஒரு வால்வு பழுதுற்றால் மற்றொன்று காக்குமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவற்றின் வேலை. பழுதுகளின் நிகழ்தகவுகளைச் சங்கிலியாகக் கோத்துக் கணிக்கும் முறைகளும், நிலையம் ஒன்றைக் கணினியிலே உருவகித்துச் சோதிக்கும் முறைகளும் இன்று பெரிதும் வளர்ந்துள்ளன. இவற்றை எள்ளி நகையாடுவோர் நம்மிடையே உண்டு. நான் அவர்களுள் ஒருவனல்லன். கருவிகள் எவ்வளவு வளர்ந்தபோதிலும் ஓர் உறவு மட்டும் மாறாதிருக்கிறது. ஆராயும்படி கேட்பவனும் அதற்குக் கூலி கொடுப்பவனும் பெரும்பாலும் நிலையத்தின் சொந்தக்காரனே. ஆகவே அறிக்கையும் அவனிடமே போய்ச் சேருகிறது.

2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யப்பானில் நடந்ததை நோக்குவோம். அந்நாட்டு அரசின் நிலநடுக்க ஆய்வு அமைப்பு 2002இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டிருந்தது. யப்பான் அகழியை ஒட்டிய கடற்பரப்பின் எப்பகுதியிலும் பெருங் கடல்கோளை எழுப்பும் நிலநடுக்கம் தோன்றலாம் என்பது அதன் சாரம். அவ்வாறு புக்குஷிமாக் கரைக்கு எதிரே தோன்றினால் அங்குள்ள முதலாவது அணுமின் நிலையத்தில் அலை எவ்வளவு உயரத்துக்கு எழும்? நிலையத்தின் உரிமையாளரான டோக்கியோ மின்சாரக் கம்பனி இந்தக் கணக்கைத் தன் துணை நிறுவனமாகிய பொறியியல் ஆலோசனைக் கம்பனியிடம் கொடுத்தது. விடை 15.7 மீற்றர். நிலையத்தின் முக்கிய கட்டடங்களோ 10 மீற்றர் உயரத் தரையில் நின்றன. அங்கு வரக்கூடியதெனக் கொள்ளப்பட்டிருந்த அலையின் உயரம் 5.7 மீற்றர். அவ்விடம் ஆதியில் ஏறத்தாழ 35 மீற்றர் உயரமான மேடாக இருந்தது என்பதையும், அத்திவாரத்தைப் பாறையில் இறக்கவும் கடல்நீரை மேலேற்றும் செலவைக் குறைக்கவும் அம்மேடு வெட்டித் தாழ்த்தப்பட்டது என்பதையும் இடையிற் சொல்லிவைப்பது தகும்.

கணித்தவர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தார்கள். அறிக்கை மேலிடத்துக்குச் சென்றது. யூலை மாத இறுதியில் மேலிடம் ஒரு தீர்மானத்துக்கு வந்தது: தடுப்பு வேலைகளை உடனே தொடங்காது, கணிப்பு முறையைப் பொறியியலாளர் சங்கம் ஒன்றின் ஆய்வுக்கு விடுவது. அவ்வெண் அரசின் கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது 2011 மார்ச் 7ஆந் திகதி. நான்கு நாட்களில் அலை வந்தது. நிலையத்தை மூழ்கடித்த நீரின் உயரம் 14 முதல் 15 மீற்றர் வரையிற் சென்றது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர்.

நம்முடைய கரைகளுக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே கடல், தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பம்பு அறையிலும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதனை முன்னிட்டு யப்பானிய அதிகாரிகளும் மின்சாரக் கம்பனிகளும் கூடி ஆராய்ந்தபோது, புக்குஷிமாவின் ஐந்தாம் உலையில் 14 மீற்றர் வரை நீர் வந்தால் மின்வசதி முழுவதும் அற்றுப்போகக்கூடும் என்பது 2006இலேயே வெளிப்பட்டது. பதினான்கு வந்தால் மின்சாரம் போகும் என்பது ஒரு கூற்று. பதினைந்துக்கு மேல் வரலாம் என்பது மற்றொரு கூற்று. தருக்கம் படிக்கும் முதலாண்டு மாணவனும் இவ்விரண்டையும் சேர்த்து முடிவை எழுதிவிடுவான். கம்பனியில் அந்த முடிவின்படி எவரும் ஒரு மின்பிறப்பாக்கியைத் தானும் மேட்டுக்கு நகர்த்தவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது இலேசான மறுப்புமன்று. 15.7 என்பது ஒரு கணிப்பேயொழியக் கண்ட உண்மையன்று; அதன் ஆதாரமான மதிப்பீட்டை ஐயுற்ற அறிஞரும் இருந்தனர். ஒவ்வொரு கணிப்புக்கும் அஞ்சினால் உலகில் எதனையும் கட்ட முடியாது. கம்பனியின் முன்னாள் தலைவர்கள் மூவரையும் 2019இல் டோக்கியோ நீதிமன்றம் குற்றவாளிகளல்லர் என விடுவித்தபோது இந்த நியாயமே முன்னின்றது. மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக வெளியேற்றப்பட்டு மாண்ட 44 பேரின் சாவு தொடர்பான வழக்கு அது. விடுதலையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

கணிப்பு ஐயத்துக்குரியது என்பதை ஒப்புக்கொள்வோம். ஐயம் இருக்கும்போது அதன் பயனை யாருக்கு அளிப்பது? குற்றவியல் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அளிக்கிறது, அது சரியே. ஆனால் 2008இல் குற்றவாளிக் கூண்டில் எவரும் நிற்கவில்லை. ஒரு பக்கத்திற் செலவு, மறுபக்கத்தில் ஒக்குமா, புதாபா, நமியே என்னும் ஊர்களின் மக்கள். ஐயத்தின் பயன் செலவுக்கு அளிக்கப்பட்டது; அளித்தவர் செலவு செய்யவேண்டியவரே. அவ்வூர்களின் விவசாயிக்கும் மீனவனுக்கும் அந்த எண்ணை எடைபோட வாய்ப்பே இருக்கவில்லை. விஞ்ஞானம் அவர்களுக்கு விளங்காது என்பர். மீற்றர் விளங்காதவன் எவன்? "அவசர மின்பிறப்பாக்கிகள் ஏன் நிலவறையில் இருக்கின்றன?" என்று கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. கொடுமை அத்துடனும் நிற்கவில்லை. கதிர்வீச்சு எத்திசையிற் பரவும் என்ற கணினிக் கணிப்புகள் அரசிடம் இருந்தும் உடனே வெளியிடப்படவில்லை. நமியே மக்களுட் பலர் அது பரவிய திசையிலேயே சென்று தங்கினர்.

அறிவு வெளியரங்கில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் அதே கரையில் சான்று உண்டு. டோக்காய் இரண்டாம் அணுமின் நிலையம் வேறொரு கம்பனியுடையது. 2007இல் அப்பிரதேசமாகிய இபராக்கியின் நிர்வாகம் தன் கரைக்கான அலை மதிப்பீட்டை யாவரும் காண வெளியிட்டது. கம்பனி கடல்நீர்ப் பம்புகளைச் சுற்றிய சுவரை உயர்த்தியது. 2011இல் வேலை முற்றுப்பெறாதிருந்த இடத்தால் நீர் புகுந்து, மூன்று அவசர மின்பிறப்பாக்கிகளுள் ஒன்று பயனற்றுப்போயிற்று; மற்றை இரண்டும் இயங்கின; உலை தப்பியது. அக்கம்பனியார் அறவோர், டோக்கியோக் கம்பனியார் கொடியோர் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. ஊரறிந்த எண்ணை மறப்பது கடினம்.

இலாப வேட்டையே இதற்கெல்லாம் காரணம் என்று நம் வாசகர்கள் சொல்ல விரும்புவார்கள். நானும் பெருமளவுக்கு அவ்வாறே எண்ணுகிறேன். ஆனால் செர்னோபிலுக்கு முதலாளி எவனும் இருக்கவில்லை. 1983இல் இக்னலீனா நிலையத்துச் சோதனையின்போதே, உலையை நிறுத்தக் கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் முதற் சில கணங்களில் அதன் சக்தி கூடவும்கூடும் என்பது தெரியவந்தது. வடிவமைத்த நிறுவனம் திருத்துவதாகக் கூறியது, திருத்தவில்லை. 1986 ஏப்ரல் 26 இரவு நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்கள் இதனை அறியார். அவ்வாண்டு வியன்னாவிற் சமர்ப்பிக்கப்பட்ட சோவியத் அறிக்கை அவர்கள்மீதே பெரும்பழியைச் சுமத்தியது. உலையின் குறைபாட்டுக்கு உரிய இடத்தைச் சர்வதேச ஆலோசனைக் குழு அளித்தது 1992இல். உடைமையைப் பொதுவாக்கிவிட்டு அறிவை மட்டும் சிலரிடம் பூட்டிவைத்தால், தொழிலாளி முன்போலவே இருளில் நிற்கிறான். இதனைச் சொல்லத் தயங்குவது நமது தரப்புக்கு நன்மை பயவாது.

ஆபத்தைக் கணிப்பவனுக்குக் கூலி கொடுப்பவன் எவனாயினும் ஆகுக. கணிப்பு, அதனால் உயிரிழக்கக்கூடியவர்களுக்கும் அதே நாளிற் சேரவேண்டும் என்பதே என் வாதம். நாசகாரருக்கு உதவக்கூடிய காவல் விபரங்களை மறைப்பது வேறு. கடலின் உயரத்தை மறைப்பது வேறு. மக்கள் பீதியடைவர் என்ற நியாயத்தை, அவர்களைத் தம் பிள்ளைகளாகக் கருதும் ஆட்சியாளரிடமே விட்டுவிடலாம்.

அப்படியானால் அறிக்கை எழுதிய நிபுணன் அதனைக் கையளித்ததும் கடமை முடிந்ததென்று வீடு செல்லலாமா? செல்லக்கூடாது என்று சொல்வது எழுதுபவனுக்கு எளிது. அவனுக்கும் குடும்பம் உண்டு. அடுத்த ஒப்பந்தமும் அதே கம்பனியிடமிருந்தே வரவேண்டும். 2000ஆம் ஆண்டில், டோக்கியோக் கம்பனியின் உலைகளைப் பரிசோதித்த வெளிநிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த ஒருவர், பரிசோதனைப் பதிவுகள் திருத்தப்பட்டதையும் உலையினுள்ளே காணப்பட்ட வெடிப்பு மறைக்கப்பட்டதையும் அரசுக்கு எழுதியறிவித்தார். அதிகாரிகள் அவருடைய பெயரைக் கம்பனிக்கே தெரிவித்தனர். விடயம் நாட்டுக்குத் தெரியவந்தது 2002இல். 29 மோசடிச் சந்தர்ப்பங்கள் ஐயத்துக்குரியனவாக எண்ணப்பட்டன. கம்பனியின் தலைவர்கள் பதவி விலகினர். 2003 ஏப்ரலில் அதன் 17 உலைகளும் பரிசோதனைக்காக நின்றிருந்தன. 2011 மார்ச் 7ஆந் திகதி 15.7 என்ற எண்ணைப் பெற்றுக்கொண்டதும் அதே அமைச்சின் கீழிருந்த கண்காணிப்பு அலுவலகமே. அது 2012இற் கலைக்கப்பட்டது.