யாருடைய மூக்கு

மூடிய அறைக்குள் எவ்வளவு காற்று விடவேண்டும்? 1858ல் ம்யூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் ஒரு எல்லை வைத்தார்: கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் வாயுவே விஷமென்று அவர் கருதவில்லை. உள்ளே இருக்கும் உடம்புகளின் வாடை எவ்வளவு சேர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

1936ல் ஹார்வர்டில் யாக்லூ மனித மூக்கையே கருவியாக்கினார். அறையில் இருந்தவர்களைக் கேட்டுப் பயனில்லை. சில நிமிஷங்களில் மூக்கு பழகிவிடுகிறது. சுத்தமான காற்றிலிருந்து அப்போதுதான் நுழைந்தவர்கள் முகர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். 1988ல் டென்மார்க்கின் ஃபாங்கர் ஒரு ஆளின் வாடையை அலகாக்கி ‘ஓல்ஃப்’ என்று பெயரிட்டார். அவருடைய மாதிரி ஆள் தினம் 0.7 முறை குளிக்கிறவன். (இரண்டு வேளை குளிக்கிற நம்மவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.)

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு உறுத்தல். நுழைகிறவனும் ஒரு உடம்போடுதான் வருகிறான். தன் வாடை அவனுக்கு எட்டுவதில்லை. அறைவாசிகளின் பழக்கத்தை மரத்துப்போனது என்கிறோம். அவனுடைய பழக்கத்துக்கு நடுநிலை என்று பெயர். வாடை இருக்கிறது என்ற வரைக்கும் அவன் சாட்சி செல்லும். ஜன்னலைத் திறக்கச் சொல்லலாம். ‘இவர்களே இப்படித்தான்’ என்பது மூக்கு சொல்வதல்ல. அதைச் சொல்லிக்கொண்டே அவன் உட்கார்ந்துவிட்டால், பத்து நிமிஷத்தில் அடுத்து வருகிறவன் அவனையும் சேர்த்தே முகர்வான்.