பலகை வளையும் நேரம்

மரத்தில் சிறு கப்பல் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு. அடிமரமான ஏரா நிறுத்தியாயிற்று, விலா எலும்புகள் போன்ற வங்குகள் வரிசையாக நின்றுவிட்டன, மேலிருந்து பலகைகளை ஒட்டிக்கொண்டே வருகிறோம். நடுவயிற்றில் அழகாகப் படிந்த பலகைகள் முன்முனையான அணியத்தை நெருங்கியதும் ஒன்றையொன்று நெருக்கி ஏறத் தொடங்குகின்றன. கப்பலின் வயிற்றில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஆகவே ஒவ்வொரு பலகையும் முனையை நோக்கி மெலியச் சீவப்பட்டிருக்க வேண்டும். இது நமக்கு ஆறாவது ஏழாவது பலகையில்தான் தெரிகிறது. தவறோ முதல் பலகையிலேயே நடந்து முடிந்திருக்கிறது. பரண்மேல் துணி போர்த்திக் கிடக்கும் பாதிக் கப்பல்கள் பல இந்த இடத்தில் நின்றுபோனவைதான்.

இந்த இடத்தில் தவித்து நிற்பவருக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பது சிறிய விஷயம் அல்ல. "ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம். கொஞ்சம் நின்று, கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவர் வேறு மாதிரி பேசுவார்.

"தம்பி, மேல மூணு பலகையை எடுத்துடு. பெவிகால்தானே, வெந்நீர்த் துணியைச் சுத்தி வெச்சா விட்டுக்கொடுக்கும்."

"எடுக்கறப்ப உடைஞ்சுடுமே அண்ணே."

"உடைஞ்சா வேற சீவிக்கலாம். நான் கூட உக்காந்திருக்கேன், எடு."

இரண்டும் அன்பினால் வந்த சொற்கள்தான். ஆனால் முதல் சொல் அந்த நிமிடத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது கப்பலைக் காப்பாற்றுகிறது. பாராட்டு தவறு என்று சொல்ல வரவில்லை. பார்க்காமல் பாராட்டுவதில் ஒரு கைகழுவல் இருக்கிறது. அதை நாம் பண்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

உலகெங்கும் கப்பல் மாதிரி செய்பவர்கள் ஆசையோடு கட்டும் கப்பல்களில் ஒன்று ஸ்வீடனின் வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதன்முறையாகப் பாய்விரித்த அந்தப் போர்க்கப்பல் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி வாய்கள் வழியே நீர் புகுந்தது, மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. மேலே பாரம் அதிகம், கீழே அதைத் தாங்கும் அகலமும் அடிப்பாரமும் இல்லை. இதில் நம்மை உறுத்துவது அந்தக் கணக்குப் பிழை அல்ல. புறப்படுவதற்கு முன்பே சோதனை நடந்தது. முப்பது ஆட்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவைத்தார்கள். மூன்று முறை ஓடியதிலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, பார்த்துக்கொண்டிருந்த தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்திவிட்டார். கட்டத் தொடங்கிய தலைமைத் தச்சர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். மன்னர் குஸ்டாவ் அடால்ஃப் தொலைவில் போர்க்களத்தில் இருந்தபடி கப்பலை விரைந்து அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை கண்கள் கண்ட உண்மை ஒரு வாய்ச்சொல்லாகி அவரிடம் போய்ச் சேரவில்லை. அரசனுக்கு இடித்துச் சொல்பவர் வேண்டும் என்பதற்காகவே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் வகுத்த மரபு நம்முடையது. 1961இல் கடலடியிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட வாசாவின் முன் நின்றால் அந்த அதிகாரத்தின் பொருள் இன்னும் ஆழமாக விளங்கும்.

அதற்காக, குறையைச் சொல்லிவிட்டாலே கடமை முடிந்தது என்று ஆகிவிடாது. கோணலைச் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்து போகிறவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மையைத் தூக்கிச் சுமக்கும் வலிமையை அவர் கொடுக்கவில்லை. கேட்டவர் கப்பலைப் பரணில் ஏற்றிவிடுகிறார்.

குறையைக் காண்பதும் கூடநின்று திருத்துவதும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு அண்மையில் நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று அமைந்தது. அஜந்தா குகையில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியமாக இருந்த கப்பலை மறுபடி உயிர்ப்பிக்க முனைந்தபோது, அதற்கு வரைபடமும் இல்லை, எஞ்சிய மரத்துண்டும் இல்லை. பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை அதன் மாதிரியை நீரில் விட்டுச் சோதித்து உதவியது. 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்ந்த அந்த 'கௌண்டின்யா'வை முழுக்கத் தன்னுடைய அறிவு என்று சொல்லிக்கொள்ள அவர்களில் எவராலும் முடியாது. தச்சருக்குத் தெரிந்தது பொறியாளருக்குத் தெரியாது. பொறியாளர் கண்டதைத் தச்சர் தம் கையால்தான் மெய்ப்பிக்க வேண்டும். மாதிரிக் கப்பல் சிறியது என்பதால் அங்கே யாரும் அதை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை. பெரிய கப்பல் செய்யக்கூடிய தவறை மலிவாகவும் உயிர்ச்சேதம் இல்லாமலும் முன்கூட்டிச் சொல்லும் வாய் அது.

நாம் எதைச் செய்தாலும் அதற்கு மிக அருகில் நிற்கிறோம். அந்த அருகாமையே நம் பார்வையை மறைக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தன் வேலையைக் காண விதிக்கப்பட்ட மனிதனுக்கு, அதன் மறுபக்கத்தை இன்னொருவர் கண்ணால்தான் காண முடியும். அந்தக் கண்ணைக் கடன் கொடுப்பதையே அறிவுரை என்றும், கண்டதைத் திருத்தும்வரை உடனிருப்பதையே ஊக்கம் என்றும் நாம் கொண்டால், இவ்விரண்டும் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மனிதர் தரவேண்டியவை அல்ல, ஒரே பொறுமையின் இரண்டு செயல்கள் என்பது புலப்படும். அந்தப் பொறுமை இருக்கும் இடத்தில்தான், ஒரு வாழ்நாளுக்குள் அடங்காத கைத்திறன் தலைமுறை தாண்டிப் போகிறது. அது இல்லாத இடத்தில், எத்தனை நூல் எழுதி வைத்தாலும் திறன் அதை உடையவரோடே முடிந்துவிடுகிறது.

சித்தூர், திருப்பதிப் பக்கம் இருக்கும் நமக்கு இப்படி ஒரு கண் கிடைப்பது எட்டாத விஷயம் இல்லை. இங்கே ஏதோ ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்து கப்பல் செய்பவர், கப்பல் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. திருக்காளத்தி அருகே மாதவமாலையில் தெய்வ உருவங்களை மரத்தில் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் கடலோடும் மரக்கலம் எதையும் கட்டியிருக்க மாட்டார்தான். ஆனாலும் அந்தப் பாதிக் கப்பலைப் பரணிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே வளைத்தால் இசையும், எங்கே விரிசல் விடும் என்று அவர் விரலை ஓட்டிச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு, உளியை அங்கேயே எடுத்து, அவர் பார்த்திருக்கும்போதே முதல் பலகையைக் கழற்றத் தொடங்கலாம்.