நோக்கமும் வழியும்

யப்பானின் தொக்குனோஷிமா தீவில், மருத்துவ உதவி கிட்டாது தம்பியைப் பறிகொடுத்த டொராவோ டொக்குடா, வளர்ந்து வைத்தியரானார். உயிர்கள் யாவும் சமமென்பதே அவரது கொள்கை. 1973இல் தமது முதல் வைத்தியசாலையை நிறுவிய அவர், நோயாளரிடம் அன்பளிப்புப் பெறுவதையும் விலக்கினார். அரசியலிற் புகுந்து 1990இல் பாராளுமன்ற உறுப்பினரானார்.

ஆயின், 2012ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் மகனுக்காக வைத்தியசாலை ஊழியர்கள் ஊதியத்துடன் பிரசாரத்தில் ஈடுபடுத்தப்பட்டனர். உறவினர் சிலர் தண்டிக்கப்பட்டனர். அதே ஆண்டு தோக்கியோ ஆளுநர் வேட்பாளரொருவருக்கு அவரது நிறுவனத் தரப்பிலிருந்து 5 கோடி யென் சென்றது. வென்று ஆளுநரான அவர், அது வெளிப்படவே 2013இல் பதவி துறந்தார்.

நோயாளியின் சிறு அன்பளிப்பு வைத்தியனின் நடுநிலையைக் குலைக்குமெனில், பெருந்தொகை ஆட்சியாளனின் நடுநிலையைக் குலைக்காதோ? வைத்தியசாலைகள் காத்த உயிர்கள் மெய்யே. எனினும் அந்நன்மை இவ்வழியை நியாயப்படுத்தாது. உயிர்கள் சமமெனில், அவ்வுயிர்களின் வாக்குகளும் சமமன்றோ?